ஆட்டாமல் கொண்டுவந்த மருந்து

இன்று காலை நம் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். நீங்கள் இருந்திருந்தால் வெளியாள் படியேறியிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு நீங்களே இறங்கியிருப்பீர்கள்.

முதலில் பிரைமர். இப்போதெல்லாம் தண்ணீரில் கலக்கிற பிரைமர்தான். அவர் கீல் பக்கம் பிரஷ்ஷை வைத்து இழுக்க, பூசின இடம் பூசினபடி நிற்காமல் விலகி விலகிக் கண் கண்ணாய்த் திறந்தது. இன்னொரு தடவை இழுத்தார். அப்போதும் அப்படியே.

"யாரும்மா இதுல எண்ணெ விட்டது?"

"நான்தான்ண்ணே. திறக்கறப்பல்லாம் கிறீச் கிறீச்னுது, தேங்காண்ணெ ஊத்தினேன்" என்றாள் நம் பெண் செலின், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு துணியில் தின்னரை ஊற்றித் துடைத்தார். நான் அடுப்படியில் இருந்தேன். தின்னரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்வதில்லை. அதனால்தான் மூடியைத் திறந்ததும் காற்றில் கிளம்பிவிடுகிறது. வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன விஷயம். ஆனால் அந்த வாசனை வாசலில் இருந்து அடுப்படிக்கு வந்தபோது நான் அதையெல்லாம் நினைக்கவில்லை. நீங்கள் வேலை விட்டு வந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். டீக்குப் பால் எடுக்கக் கை நீண்டுவிட்டது. பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊர் மேட்டுப்பாளையத் தொழிற்பேட்டையில், பெயிண்ட் யூனிட்டில் நீங்கள் மிக்ஸிங் சூப்பர்வைசர். நான் பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி. பெண் பார்க்க வந்த அன்று, இருவரையும் பேச விட்டு எல்லாரும் எழுந்து போனபோது, நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "மேற்பரப்பு இழுவிசையெல்லாம் நடத்துவீங்களா?" என்பது. நான் சிரித்துவிட்டேன். "எங்க பொழப்பே அதோடதான்" என்றீர்கள். தண்ணீர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்துகிற ஒரு சரக்கைச் சேர்த்தால்தான் பெயிண்ட் தகரத்தில் பரவும். கூடிப்போனால் நுரைத்துக்கொண்டு உயிரை எடுக்கும். அதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னீர்கள். வெளியே என் அம்மா, மாப்பிள்ளை ஏதோ சண்டை போடுகிறார் என்று பயந்தேபோனாள்.

அன்றுமுதல் நான் உங்களுக்கு டீச்சரம்மா. நம் வீட்டில் அந்தப் பேச்சு உப்பு புளி மாதிரி இருந்தது. அது ஒருநாள் நம் கழுத்தைப் பிடிக்கும் என்று இருவருக்கும் தெரியாது.

ஐப்பசி மழை. எனக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வளையல் போட்டு தவளக்குப்பத்துக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். விடிந்து கொஞ்ச நேரத்தில் வலி எடுத்தது. சூட்டு வலி என்று அம்மா கஷாயம் வைத்தாள். கஷாயம் இறங்குமுன் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். பிரசவமும் குழந்தை வைத்தியமும் பார்க்கிற இடம். ஒரு பெண் டாக்டர், கீழே கண்ணாடி போட்ட ஓர் அறை, அதில் இரண்டு கண்ணாடிப் பெட்டி. அவ்வளவுதான். நீங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து மழையில் பைக்கில் வந்து சேர்ந்தபோது செலின் பிறந்துவிட்டாள். அப்போது அவளுக்குப் பெயர் இல்லை. உங்கள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் அடங்கிவிடுகிற அளவு.

அழுதாள், ஆனால் பூனைக்குட்டிச் சத்தம். பிறகு அழுகை நின்று, ஒவ்வொரு மூச்சுக்கும் "ம்... ம்..." என்று ஒரு முனகல் ஆரம்பித்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சு மேலே எழவில்லை, உள்ளே குழிந்தது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் இறங்கி ஏறியது. டாக்டர் வாய்வழியாகக் குழாய் இறக்கி மெஷினில் இணைத்தார்கள். அதன்பிறகு நம்மிடம் வந்தார்கள். நான் கட்டிலில், நீங்கள் நனைந்த சட்டையோடு நின்றுகொண்டு.

"ஈரமான பிளாஸ்டிக் கவர் ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும், பாத்திருப்பீங்க. பிரிக்கவே வராது. இவ நுரையீரல் இப்போ அப்படி இருக்கு. உள்ள இருக்கற ஈரமே ஒட்ட வைக்குது. மாசம் நிறைஞ்ச குழந்தைக்கி அதை ஒட்டாம வச்சிக்க உள்ளயே ஒண்ணு சுரக்கும். இவளுக்கு இன்னும் சுரக்கல."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். டாக்டர் அதற்குமேல் சொல்லத் தேவையே இல்லாமல் போய்விட்டது. அந்த அறையில் ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

தண்ணீருக்குள் இருக்கிற மூலக்கூறை நாலு பக்கத்திலிருந்தும் மற்றவை இழுக்கின்றன. விளிம்பில் இருப்பதற்கு மேல்பக்கம் ஆளில்லை. பக்கத்தில் இருப்பவையும் கீழே இருப்பவையும்தான் இழுக்கின்றன. அதனால் தண்ணீரின் முகம் எப்போதும் சுருங்கத்தான் பார்க்கும். நுரையீரலின் ஒவ்வொரு சின்னப் பைக்குள்ளும் ஈரம் உண்டு. அந்த ஈரம் சுருங்கச் சுருங்கப் பையும் சுருங்கும். பை சின்னதாக ஆக, அதை நசுக்குகிற அழுத்தம் கூடும். இதற்கு ஒரு சமன்பாடு இருக்கிறது. ஆரம் கீழே, இழுவிசை மேலே. கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, "இது கண்டிப்பா பரீட்சைக்கு வரும்" என்று சொல்லியிருக்கிறேன். கட்டிலில் படுத்துக்கொண்டு அதே சமன்பாட்டைப் பார்த்தேன். இவள் பைகளைப்போல் சின்னது வேறு எங்கே இருக்கிறது? மூச்சு விடும்போதெல்லாம் அவை மூடிக்கொள்கின்றன. அடுத்த மூச்சுக்கு மறுபடி கிழித்துத் திறக்க வேண்டும். நமக்கெல்லாம் பிறந்தவுடன் ஒரே ஒரு தடவை இருந்த கஷ்டம், அவளுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும்.

"மருந்து இருக்கு. அவளுக்கு சுரக்காததை நாம வெளியில இருந்து குழாய் வழியா உள்ள விடலாம். ஆனா எங்ககிட்ட இல்ல" என்றார்கள் டாக்டர். ஃபோன் போட்டுப் பார்த்ததில் கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசை மருந்துக்கடை ஒன்றில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது.

"குழந்தைய அங்க தூக்கிட்டுப் போயிடலாமே டாக்டர்?"

"இந்த நெலமைல வண்டியில ஏத்தினா தாங்க மாட்டா. மருந்து அவகிட்ட வரட்டும். மத்தியானத்துக்குள்ள வந்தா நல்லது."

நீங்கள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டீர்கள். வாசலில் உங்கள் அம்மா நின்றிருந்தார், கையில் ஜெபமாலை. "மோன் தியே, மோன் தியே" என்று அவர் கடவுளைக் கூப்பிடுவதெல்லாம் அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து கொண்டுவந்த பாஷை.

"போறதுக்கு முன்னாடி பிள்ளைக்கி ஞானஸ்நானம் குடுத்துடலாம்டா. ஆபத்துக்கு யாரு வேணா குடுக்கலாம்."

உங்களுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "பேரு வைக்கறதுக்குள்ள வழியனுப்பப் பாக்கறியா? நான் மருந்து எடுத்தாரப் போறேன். நான் வர்றவரைக்கும் அவளை யாரும் தொடக்கூடாது." படியிறங்கிப் போனீர்கள். பைக் கிளம்பின சத்தம் மழையில் சீக்கிரமே கரைந்துவிட்டது.

உங்கள் பயணம் பற்றி நீங்கள் பிற்பாடு சொன்னதுதான் எனக்குத் தெரியும். அதுவும் ஒரே மூச்சில் அல்ல, பல வருடங்களில், துண்டு துண்டாக.

கடைக்காரர் பாட்டிலைப் பஞ்சில் சுற்றி, தெர்மாகோல் டப்பாவில் ஐஸுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார். "சூடாகக் கூடாது. ஐஸ் நேராப் பட்டு உறைஞ்சிட்டாலும் வீணு. முக்கியமா ஆட்டாதீங்க சார், நுரைச்சிடும்." நுரை என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பைக்கை அங்கேயே கடை ஓரம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தீர்கள். டப்பாவைச் சீட்டில் வைக்காமல் மடியிலும் வைக்காமல், இரண்டு கையிலும் ஏந்தி, முழங்கையை உடம்பில் ஒட்டாமல் பிடித்துக்கொண்டீர்கள். குலுங்குவது உங்களோடு நின்றுவிட வேண்டும்.

"மெதுவாப் போங்க."

"ஆஸ்பத்திரிக்கின்னு சொன்னீங்களே சார்?"

"ஆமா. மெதுவாப் போங்க."

"எல்லாரும் ஆஸ்பத்திரிக்கின்னா பறக்கச் சொல்வாங்க" என்று திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்த டிரைவர், வேகத்தைக் குறைத்தாராம்.

ராஜீவ் காந்தி சிலை, இந்திரா காந்தி சிலை, மரப்பாலம். எங்கு பார்த்தாலும் தண்ணீர் நின்றது. பள்ளம் எது, ரோடு எது என்று தெரியவில்லை. வேகமாகப் போனால் மருந்து கெடும். மெதுவாகப் போனால் பிள்ளை போய்விடும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இந்த ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்ததாகச் சொன்னீர்கள். முருங்கப்பாக்கம் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. அரியாங்குப்பம் பாலத்துமேல் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது.

இறங்கி நடந்தீர்கள். மழையில் ஒட்டு விட்டுப்போன டப்பாவின் அடிப்பாகம் பாலத்தின்மேல் பிய்ந்துகொண்டது. ஐஸ் பை நழுவியது. பாட்டில் விழுமுன் பிடித்துவிட்டீர்கள். பஞ்சோடு பாட்டில் ஒரு பக்கம், ஐஸ் பை மறுபக்கம், நடுவில் உங்கள் விரல்கள் வருகிறமாதிரி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, நின்றிருந்த வண்டிகளுக்கு ஊடே நடந்தீர்கள். ஓடவில்லை. "ஓடணும்னு கால் துடிச்சுது டீச்சரம்மா. முட்டியப் புடிச்சி நிறுத்தறாப்போல நடந்தேன்." ஐஸ் கட்டிக்குள் தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியை அவிழ்க்க நிறைய வெப்பம் வேண்டும். அதனால்தான் உங்கள் கைச்சூட்டுக்கும் வழிக்கும் அது தாங்கியது. அங்கே அவள் நெஞ்சை ஒட்ட வைத்துக்கொண்டிருந்ததும் அதே பிடிதான். இதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு யாரைத் திட்டுவதென்றே தெரிவதில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறொரு ஆட்டோக்காரர் உங்களை ஏற்றிக்கொண்டார்.

அந்த நேரத்தில் இங்கே நடந்தது உங்களுக்கு அன்று தெரியாது. என்னைச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால், அவள் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மெஷின் காட்டுகிற எண் தொண்ணூறில் இருந்து இறங்கிக்கொண்டே வந்தது. ஆக்சிஜனைக் கூட்டினார்கள். கொஞ்சம் ஏறும், பிறகு முன்னைவிடக் கீழே போகும். அவள் உதடு நாவல்பழம் தின்ற வாய்போல் ஆனது. உங்கள் அம்மா என் காலடியில் உட்கார்ந்து, "நீ சொல்லும்மா. அவன் இல்ல. நீதான் சொல்லணும்" என்றார்.

உங்களுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்கக் கை ஏது உங்களுக்கு? எனக்கு அது தெரியாது. நீங்கள் எங்கோ விழுந்து கிடப்பதாகவே முடிவு செய்தேன். பிள்ளையும் போய், நீங்களும் போய், நான் மட்டும் அந்த நாற்காலியில் மிஞ்சியிருப்பதாக ஒரு கணம் முழுசாகப் பார்த்துவிட்டேன்.

"குடுங்க அத்தை" என்றேன்.

நர்ஸ் காய்ச்சி ஆறின தண்ணீரை ஒரு ஸ்பூனில் கொடுத்தாள். உங்கள் அம்மா ஜெபமாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு ஸ்பூனை வாங்கினார். பெயர் கேட்டார். நாம் இருவரும் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. வாயில் வந்தது செலின். ஒரு துளி நெற்றியில் விழுந்தது. பிறக்கும்போதே அவள் உடம்பில் பூசியிருந்த மாவு இன்னும் வெண்ணெய்போல் இருந்ததால் அது பரவவில்லை. உருண்டையாக, முத்துப்போல் நின்றது. வகுப்பில் மெழுகுத்தாளில் காட்டுகிற அதே உருண்டை. நர்ஸ் பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

அப்போதுதான் வாசலில் நீங்கள் வந்தீர்கள். தலைமுதல் கால்வரை சேறு. டாக்டர் கை நீட்ட, நீங்கள் பாட்டிலைக் கொடுக்காமல் ஒரு கணம் நின்றீர்கள். விரல்கள் விறைத்துப்போய்ப் பிரியவில்லை. நர்ஸ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். நுரை இல்லை. பால்போல் வெள்ளையாக இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, குளிர் விடுகிறவரை காத்திருந்தார்கள். மருந்தை வைத்துக்கொண்டு ஒருவர் சும்மா நிற்பதைப் பார்ப்பதைவிடக் கொடுமை எதுவும் இல்லை. பிறகு மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கி, குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள்.

எண் இறங்கியது.

எழுபது, அறுபது என்று இறங்கியது. நீங்கள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டீர்கள். "மருந்து போறப்போ கொஞ்சம் இறங்கும், பயப்படாதீங்க" என்று டாக்டர் திரும்பாமலே சொன்னார்கள். ஆனால் அவர்கள் தோள்கூட இறுகித்தான் இருந்தது. ஆட்டாமல்தான் கொண்டுவந்தேன், ஆட்டாமல்தான் கொண்டுவந்தேன் என்று நீங்கள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்த வெள்ளைச் சரக்கு இப்போது ஈரத்தின் முகமெல்லாம் பரவி, தண்ணீர் தன்னைப் பிடித்திருக்கிற பிடிக்குள் நுழைந்து தளர்த்த வேண்டும். பை சுருங்கும்போது அது நெருங்கி நின்று, இன்னும் அதிகமாகத் தளர்த்த வேண்டும். அப்போதுதான் சின்னப் பையும் மூடாமல் நிற்கும். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது.

பிறகு எண் நின்றது. ஏறியது. நான் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு நெஞ்சைப் பார்த்தேன். குழி விழவில்லை. மெஷின் கொடுத்த காற்றுக்கு நெஞ்சு முழுசாக, சமமாக, மேலே எழுந்தது. நாவல்பழ நிறம் உதட்டிலிருந்து வெளுத்து, ரோஸாகி வந்தது. "ஆக்சிஜனைக் குறைங்க" என்றார்கள் டாக்டர் நர்ஸிடம். அதுவரை எத்தனையோ நல்ல வார்த்தை கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தை மாதிரி ஒன்றைக் கேட்டதில்லை.

அப்போதுதான் ஸ்பூனைப் பார்த்தீர்கள். உங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள். அவர் தலை குனிந்துகொண்டார். நான் சொன்னேன், "நான்தாங்க குடுக்கச் சொன்னேன்." கத்தப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"என்னா பேரு வச்சீங்க?" என்றீர்கள்.

"செலின்."

"நல்லாருக்கு."

அதோடு முடிந்துவிடவில்லை. மூன்றாம் நாள் மறுபடி எண் விழுந்து, மஞ்சள் காமாலை வந்து, பால் செரிக்காமல், எடை ஏறாமல், நாம் இருவரும் மாறி மாறி அந்தக் கண்ணாடி முன்னால் தேய்ந்தோம். குழாயை எடுத்த அன்று அவள் உரக்க அழுதாள். அடுத்த தெருவரை கேட்கும் அழுகை. நீங்கள் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய் நின்றுகொண்டீர்கள். மார்கழியில்தான் நெல்லித்தோப்பில் நம் வீட்டுக்குத் தூக்கி வந்தோம்.

இப்போது அவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறாள். ஒரு வரியை மூச்சு விடாமல் இழுத்துப் பிடித்து மற்றவர்களை வம்புக்கு இழுக்கிறாள். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறாள். உங்களுக்கோ, போன வருடம் யூனிட்டு வாசலில் காலை ஷிஃப்டுக்குள் நுழையும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் எங்கும் ஓடிப்போய் எதையும் எடுத்துவர நேரம் இல்லை. எனக்கு ஃபோன் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். ஹைட்ரஜன் பிணைப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஹைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்த அந்த அழுகின முட்டை நாற்றச் சரக்கு, எடையில் தண்ணீர் மூலக்கூறைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு, ஆனாலும் அது வாயு, தண்ணீர் திரவம், ஏன் என்று கேட்டிருந்தேன். பிள்ளைகள் கை தூக்கியிருந்தார்கள். யாரையும் பதில் சொல்ல எழுப்பாமல் வெளியே வந்தேன்.

அடக்கமெல்லாம் முடிந்து திரும்பி வகுப்புக்குப் போனபோது அங்கிருந்துதான் தொடங்கினேன். பிடித்துக்கொள்வதால்தான் கடல் கடலாக இருக்கிறது, இல்லாவிட்டால் இந்த ஊர் வெயிலுக்கு எல்லாமே எப்போதோ ஆவியாகிப் போயிருக்கும் என்று சொன்னேன். குரல் உடையவில்லை. அதன்பிறகு நுரையீரலைப் பற்றியும் சொன்னேன். பாடத்தில் இல்லாதது. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அந்தப் பாப்பா பொழைச்சிதா மிஸ்?" என்று கேட்டாள். பிழைத்தது என்றேன். யார் என்று சொல்லவில்லை.

செலின் அடிக்கடி கேட்பாள், அன்றைக்கு அப்பா எப்படி இருந்தார் என்று. உங்கள் அம்மா சொன்ன கதையில் நீங்கள் பாலத்தைத் தாண்டின வீரர். போன வாரம் மறுபடி கேட்டபோது, "பயந்துபோய் இருந்தாருடி. அவ்ளோ பயம். ஆனாலும் நடந்தாரு" என்றேன். அவள் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்றாள்.

அவளிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. எண் ஏற ஆரம்பித்த பிறகு நீங்கள் என் நாற்காலி முன்னால் மண்டியிட்டு, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தீர்கள். அந்தக் கைகளில் சூடே இல்லை. ஐஸைப்போல் சில்லிட்டு, மரத்துப்போய், எதைப் பிடித்திருக்கிறோம் என்றே தெரியாத கைகள். நான் என் கையை அவற்றின்மேல் வைத்து, சூடு ஏறுகிறவரை வைத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனது. எங்கே விரல் பட்டது, எங்கே உள்ளங்கை பட்டது என்று என் கன்னத்துக்கு இன்னும் தெரியும்.